யோகா அக்காவின் நாற்பத்தெட்டு ஆட்டக்காரர்கள்

என் பிரியமான யோகா அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் பாதியில் எழுந்து போய்விட்டேன். ஒரு முறை துணி காயப்போட, ஒரு முறை குக்கர் விசிலைக் கேட்டு, மற்ற இரண்டு முறையும் ஒரு காரணமும் இல்லாமல் சும்மா. "ஒரு இடத்துல உட்காரேன், பாக்குறவனுக்குத் தலை சுத்துது" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை அக்கா. இன்றைக்கு மேசையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, சட்டென்று எழுந்து போக வழியில்லாமல் மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்டக்காரர்கள் மெல்பனில் ஒரு நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார்கள். நாற்பத்தெட்டுப் பேரும். மேலே யோகேஸ்வரி என்று உங்கள் பெயர், ஆங்கிலத்திலும் தமிழிலும். புத்தகம் எடுக்க வருகிறவர்கள் நின்று குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி நடக்கவில்லை, அதற்குக் காரணம் நான்.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்குத் தலையும் வாலும் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்னியில், வெஸ்ட்மீடில் ஒரு மருத்துவமனையில் நாம் இருவரும் ஒரே மேசையில் வேலை செய்தோம். அறுவை சிகிச்சைக்கான கத்தி, கத்தரிகளைக் கழுவி, எண்ணி, ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்குமாக இருக்கும் உறையில் போட்டு, சூட்டு மெஷினில் வாயை ஒட்டி அனுப்புகிற வேலை. நான் திருநெல்வேலியிலிருந்து வீட்டுக்காரரின் வேலை விசாவோடு விமானத்தில் வந்தவள். நீங்கள் முல்லைத்தீவிலிருந்து ஆறு வயது கீர்த்தனாவை மடியில் வைத்துக்கொண்டு படகில் வந்தவர். உங்கள் மகள் என்னைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தபோது, அப்படிக் கூப்பிடச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

பட்டன் போட்டு வைக்கலாம் என்று பிளாக்டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் பிஸ்கட் டின் ஒன்று வாங்கினீர்கள். அதன் அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழே பதினொரு சின்ன அட்டைகள் கிடந்தன. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பக்கம் தொப்பி போட்ட ஆண்கள், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். கிரிக்கெட்காரர்கள் என்றுதான் நாம் இருவருமே நினைத்தோம். ஒருவர் கையில் இருந்தது நம் மட்டை மாதிரி இல்லை, உருட்டுக்கட்டை மாதிரி இருந்தது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கீர்த்தனாதான் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். இவர்கள் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் சிகரெட் பெட்டிக்குள் ஆளுக்கொரு அட்டை வைத்து விற்றிருக்கிறார்கள்.

அவள் தேடப்போய்த்தான் மெல்பனில் இருக்கும் கிரஹாம் கிடைத்தார். இந்த அட்டைகளை வாங்குவதும் விற்பதுமாக வாழ்நாளைக் கழித்த மனிதர். உங்கள் ஆங்கிலம் எனக்குத் தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள். "நோ கார்னர், கிரஹாம்?" என்று நீங்கள் போனில் கேட்பீர்கள். மூலை ஒன்று போய்விட்டது என்று அவர் சொல்வார். "குட், குட், செண்ட்" என்பீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஏழு வருடம் அப்படியே ஓடியது.

முழு வரிசையில் ஐந்நூறுக்கு மேல் அட்டைகள். அதில் பெரிய பெயர்களின் பக்கம் நீங்கள் போகவே இல்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் சின்னச் சின்ன ஊர்களின் அணிகளுக்காக ஆடிய நாற்பத்தெட்டுப் பேர் போதும் என்றீர்கள். அதிலும் மூலை மழுங்கியது, மடிந்தது, குண்டூசி குத்தியது, ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்தது என்று சேதமானவையாகப் பார்த்து வாங்கினீர்கள். நம்மால் வாங்க முடிந்ததும் அதுதான். ஆனால் நான் கேட்டபோது வேறு காரணம் சொன்னீர்கள்.

"நல்லதுகளை வச்சிருக்க நிறையப் பேர் இருக்கினம். இதுகளை ஆர் பாக்கிறது?"

ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று ஒவ்வொருவருக்கும் நீங்களே பெயர் வைத்தீர்கள். தொப்பை வைத்தவர் சம்மாட்டியார், உங்கள் ஊரில் படகு வைத்திருக்கிற முதலாளியைச் சொல்வது போல. கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பவர் தபால்காரர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரிக்கிற நான்காம் நம்பர் மாப்பிள்ளை. ஒரு தடவைகூட அந்த விளையாட்டை நீங்கள் பார்த்ததில்லை. டிவியில் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

பிறகு அந்தக் கொப்பி. கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பியில் ஒவ்வொரு அட்டைக்கும் நம்பர் போட்டு, அதன் குறைகளைப் பென்சிலால் எழுதி வைத்தீர்கள். 'மேல் வலது மூலை இல்லை. முதுகில் பசை. முழங்காலில் மடிப்பு.' நல்லதாக ஒரு வார்த்தை எழுதக் கூடாதா என்று கேலி செய்தேன். விற்கிறவரோ வைத்திருக்கிறவரோ குறையை முதலில் தானே சொல்வதுதான் இந்த அட்டை சேர்க்கிறவர்களின் மரியாதை என்று கிரஹாம் சொல்லியிருந்தாராம். ஆனால் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டது கிரஹாமுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். விசா நேர்காணல்களில் ஒரே கேள்வியை வருடக்கணக்காகத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஒரு கிழமை மாறிப்போனதற்கு நீங்கள் சொன்ன அத்தனையும் சந்தேகத்துக்குள் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னீர்கள் தெரியுமா? "நாங்கள் முதல் சொல்லிப்போட வேணும் ராணி. அவையள் கண்டுபிடிச்சா பிறகு எல்லாம் பொய் எண்டு ஆயிடும்."

இதையெல்லாம் காதால் கேட்டவள்தான் நான். கேட்டு என்ன பிரயோசனம்?

கடைசி நாட்களில் கட்டிலில் படுத்தபடி அட்டைகள் இருந்த பெட்டியை என் கையில் கொடுத்தீர்கள். கீர்த்தனாவும் பக்கத்தில் இருந்தாள். "நீ வச்சிரு. ஈரம் படாமப் பார். ஆக்கள் பாக்கிற இடத்தில ஒருக்கா வச்சுப்போட்டு, பிறகு பிள்ளையிட்டக் குடு. பிரிச்சுப் போடாத." மூன்று சொன்னீர்கள். மூன்றுக்கும் சரி அக்கா என்று தலையாட்டினேன்.

நீங்கள் போன பிறகு கீர்த்தனா வேலை கிடைத்து மெல்பன் போய்விட்டாள், டாண்டினாங்கில் ஒரு டென்டல் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். பெட்டி என் அலமாரியில். அப்புறம் சிட்னியில் மழை பிடித்தது. பத்து நாள் விடவில்லை. வீட்டுக்காரரின் பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சை. அலமாரியைத் திறந்தாலே ஒரு வாடை. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஈரம் படக்கூடாது, ஈரம் படக்கூடாது என்று உங்கள் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

என்ன செய்தேன் தெரியுமா அக்கா? லேமினேட் செய்தேன்.

எழுதிவிட்டேன். எழுந்து போகவில்லை, உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

நீங்கள் ஒவ்வொன்றையும் போட்டு வைத்திருந்த சின்னப் பிளாஸ்டிக் உறைகளை நம்ப எனக்கு மனம் வரவில்லை. வாய் திறந்த உறைக்குள் ஈரம் போகாதா என்று நம் வேலைப் புத்தி சொன்னது. இருப்பதிலேயே ரொம்பவும் நைந்துபோன ஒன்பது பேரை எடுத்தேன், இவர்களுக்குத்தான் முதலில் பாதுகாப்பு வேண்டும் என்று. மாப்பிள்ளை, தபால்காரர், சம்மாட்டியார் எல்லோரும் அதில் உண்டு. பிளாக்டவுனில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். ஒரு பெரிய தாளில் ஒன்பதும் மும்மூன்றாக அழகாக உட்கார்ந்தன. ஸ்கூல் பிராஜெக்டா என்று கேட்டார் கடைக்காரர். நூறு வருடத்துச் சாமான் என்று பெருமையாகச் சொன்னேன். சூடு ஆறுவதற்குள் வாங்கி, ஒவ்வொன்றாகக் கத்தரித்து, தண்ணீர்க் குழாயின் கீழே ஒன்றைப் பிடித்துக்கூடப் பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. மற்றதை அடுத்த வாரம் செய்யலாம் என்று வேலைக்குக் கிளம்பிப் போனேன். இரண்டு வாரம் என்னைவிடச் சந்தோஷமான ஆள் சிட்னியில் கிடையாது.

எங்கள் வீட்டில் அப்பா எதையும் லேமினேட் செய்யாமல் விட்டதில்லை. ரேஷன் கார்டு, பத்திரம், சாமி படம், நான் முதல் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சான்றிதழ். முக்கியமானது என்றால் பிளாஸ்டிக்குக்குள் போயாக வேண்டும். என் டிகிரி சான்றிதழையும் அப்படித்தான் செய்தார். இங்கே வருவதற்கு முன்னால் அதில் முத்திரை வாங்கப் போனபோது, லேமினேட் செய்ததில் முத்திரை குத்த முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். புதுப் பிரதி வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை நடை நடந்தேன். நானே பட்டவள் அக்கா. பட்டும் என் கை அதே மெஷினைத்தான் தேடிப் போயிருக்கிறது. புத்தி எங்கே போயிற்று என்று யாராவது சொல்லுங்கள்.

மெல்பனில் ஒரு நூலகத்தில் கண்காட்சி வைக்க உதவுவதாகச் சொல்லியிருந்த கிரஹாமுக்குப் போட்டோ அனுப்பினேன், சபாஷ் வாங்கலாம் என்று. உடனே போன் வந்தது.  ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் படத்தின் தோலும் கூடவே வந்துவிடும், தொடாதே என்றார். இந்த உலகத்தில் ஓர் அட்டைக்கு இதைவிடப் பெரிய கேடு செய்ய முடியாது என்று அவர் சொல்லவில்லை. அவர் மெதுவாகப் பேசியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் நல்ல மனிதர் அக்கா. ஒரு வாரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். அதே ஒன்பது ஆட்டக்காரர்களும் அவரிடம் உபரியாக இருக்கிறார்கள், கொஞ்சம் நல்ல நிலையில். அவற்றைத் தருகிறேன், வரிசை முழுமையாக இருக்கட்டும், யோகாவின் மகள் மனம் நோக வேண்டாம் என்றார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சரி என்றேன். தேங்க்ஸ் என்று மூன்று தடவை சொன்னேன்.

அன்றைக்குப் பிடித்த பதற்றம்தான் இது. கீர்த்தனா போன் செய்யும்போதெல்லாம் பெட்டி பத்திரமா சித்தி என்பாள், பத்திரம் என்பேன். சொன்னது பொய் இல்லையே என்று போனை வைத்துவிட்டு எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் பெட்டி என் மடியில். லேமினேட் செய்த ஒன்பதும் என் கைப்பைக்குள். ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள், வீட்டில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. நூலகத்துக்குப் போகும் முன்பு த பேசின் என்கிற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம், கீர்த்தனா அங்கே வந்து சேர்ந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். உங்கள் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சந்நிதியில் அவள் கண்ணை மூடி நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது. பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நூலகத்தில் கிரஹாம் காத்திருந்தார். வெள்ளைக் கையுறை, சின்ன இடுக்கி, எல்லாம் தயார். கீர்த்தனா உங்கள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டாள். நீங்கள் எழுதியிருப்பதை வாசித்து, அட்டையைப் பார்த்து, சரி என்றபின்தான் பெட்டிக்குள் வைக்கலாம் என்றாள். அவள் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள், உங்களுக்குத் தெரியுமே. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று வரை சரியாக இருந்தது.

"நாலு. மாப்பிள்ளை. இடது காதடியில குண்டூசித் துளை." வாசித்துவிட்டு அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். மறுபடியும் பிடித்தாள். "சித்தி, இதில துளை இல்லை."

சின்னதாக இருக்கும் கண்ணு, சரியாகப் பார் என்றேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் சொன்னேன் அக்கா.

"அம்மா பிழையா எழுத மாட்டா," என்றாள்.

கிரஹாமுக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் புத்தக அலமாரிப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.  கைப்பையைத் திறந்து ஒன்பதையும் மேசையில் வைத்தேன். பிளாஸ்டிக் மேசையில் பட்டுச் சலசலத்தது. மழை, பூஞ்சை, கடை, கிரஹாம் தந்த மாற்று அட்டைகள், எல்லாவற்றையும் முன்னுக்குப் பின் உளறினேன்.

அவள் மாப்பிள்ளையைக் கையில் எடுத்தாள். பிளாஸ்டிக்குக்குள் அந்தத் துளை தெரிந்தது. விரலால் அதன் மேல் தடவிப் பார்த்தாள், வழவழவென்றுதான் இருந்திருக்கும்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

நாலு மாதம் என்றேன்.

"நீங்கள் பழுதாக்கினதுக்கு எனக்குக் கோவம் இல்லை அன்ரி. அம்மான்ர பேரைப் போட்டுக் கீழ பொய் வைக்கப் பாத்தீங்களே."

அன்ரி என்றாள் அக்கா. பதினாறு வருடமாகச் சித்தி என்று கூப்பிட்ட பிள்ளை, கடைக்காரப் பெண்ணையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளையும் கூப்பிடுகிற மாதிரி என்னை அன்ரி என்றாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

வெளியே போய்விட்டாள். கார் நிறுத்துமிடத்தில் வெகு நேரம் நின்றாள். கண்ணாடி வழியாகப் பச்சைச் சேலை தெரிந்துகொண்டே இருந்தது. போகலாமா வேண்டாமா என்று வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கிரஹாமின் ஒன்பது அட்டைகளையும் அவரிடமே மரியாதையாகக் கொடுத்தாள். லேமினேட் செய்த ஒன்பதையும் அதனதன் இடத்தில் வைத்தாள். கொப்பியையும் பென்சிலையும் என் முன்னால் தள்ளினாள். குறையை நீங்களே எழுதுங்கோ என்றாள்.

எழுதினேன். ஒன்பது இடத்திலும், உங்கள் கையெழுத்துக்குக் கீழே, சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டியது, ஒட்டியவள் செல்வராணி என்று எழுதினேன். ஐந்தாவதில் பென்சில் முனை உடைந்தது. கிரஹாம் வேறு பென்சில் கொடுத்தார். அந்தக் கொப்பியும் இப்போது பெட்டிக்குள் திறந்தபடி இருக்கிறது. என் பெயர் உள்ள பக்கத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறாள். வேண்டுமென்றே வைத்தாளா, கை போனபடி வைத்தாளா?

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் போன் செய்தால் வேலையில் இருப்பதாக ஆங்கிலத்தில் பதில் வரும். முந்தாநாள் ஒரு செய்தி அனுப்பினாள், தமிழில். கண்காட்சி முடிந்ததும் முப்பத்தொன்பதைத் தான் எடுத்துக்கொள்வாளாம். 'அந்த ஒன்பதும் உங்களிட்டயே இருக்கட்டும்.' அவ்வளவுதான்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? இனி உன் பங்கு இவ்வளவுதான், போ என்கிறாளா? அம்மாவின் ஞாபகமாக நீங்களும் கொஞ்சம் வைத்திருங்கள் என்கிறாளா? இரண்டு நாளாக அந்த ஒரு வரியைப் படித்துப் படித்து போன் சார்ஜ் தீர்ந்துபோகிறது. வீட்டுக்காரர் அவளையே கேட்டுவிடு என்கிறார். கேட்கத் தைரியம் இருந்தால் நான் ஏன் இங்கே மூலையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்?

ஆனால் எழுத எழுத ஒன்று தெளிவாகிறது. அவள் என்ன நினைத்து அனுப்பியிருந்தாலும் சரி, நான் அந்தச் சொல்படி நடக்கப் போவதில்லை. நீங்கள் சொன்ன மூன்றில் ஈரம் படாமல் பார்க்கச் சொன்னதை நான் நாசமாக்கினேன். ஆட்கள் பார்க்கிற இடத்தில் வைத்தது அவள். மிச்சம் இருப்பது பிரிக்காமல் பிள்ளையிடம் கொடு என்றது ஒன்றுதான், அதை யாருக்காகவும் விட மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கண்காட்சி முடிகிறது. அன்று நான் மெல்பனில் இருப்பேன். நாற்பத்தெட்டுப் பேரையும் ஒரே பெட்டியில் வைத்து, கொப்பியையும் மேலே வைத்து, டாண்டினாங்கில் அவள் வீட்டு வாசலுக்கு எடுத்துப் போவேன். இந்தத் தடவை காரணம் ஒன்றும் சொல்ல மாட்டேன், அழவும் மாட்டேன். அவள் ஒன்பதை எண்ணி என் கையில் திருப்பித் தந்தால் வாங்க மாட்டேன். கதவைச் சாத்தினால் பெட்டியோடு திரும்பி வந்து, அடுத்த மாதம் மறுபடியும் போவேன். அதற்கடுத்த மாதமும். அவள் அன்ரி என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு அக்கா.

கடிதத்தின் கீழே என்னவென்று எழுதுவது என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் வேறு எதுவும் எழுத வரவில்லை.

உங்கள் தங்கச்சி,
செல்வராணி